பென்சிலக்காவின் மூன்று தட்டு

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நரம்பியல் பிரிவின் கோடியில் இருக்கும் கதவில் ஓர் அட்டை தொங்கும். "தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள்" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே சிவப்பு மெழுகுப் பென்சிலால் கையால் எழுதிய இன்னொரு சொல்: "கொஞ்சம்கூட." அந்தக் கொஞ்சம்கூடவுக்குச் சொந்தக்காரிதான் பென்சிலக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. டாக்டரிலிருந்து பெருக்குகிறவர் வரை, நோயாளியிலிருந்து நோயாளியின் சித்தப்பா வரை, எல்லோருக்கும் அவள் பென்சிலக்காதான்.

மூளையில் ஓடும் அலைகளைப் பதிவு செய்கிற வேலை அவளுக்கு. இருபத்தாறு வருடமாக. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து, மூக்குத்தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரை அளப்பாள். பிறகு காதுக்குக் காது அளப்பாள். மண்டையில் இருபத்தோரு இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறி போட்டு, குறி போட்ட இடத்தில் பசை தடவி, ஒயர் முளைத்த சின்ன உலோக வட்டம் ஒன்றை ஒட்டுவாள். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அந்த அறையில் அது வெறும் பொட்டு. "இருபத்தோரு பொட்டு வெச்சாச்சு. இனிமே நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்வாள். பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். மெஷினுக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். பின்னால் நடந்த சண்டையே அதை வைத்துத்தான்.

பொட்டு வைத்து முடித்ததும் அவள் ஒரு காரியம் செய்வாள். ஆளைக் கேமரா பக்கம் திருப்பி, அலை மெஷினில் ஓடும் மணியைச் சத்தமாகச் சொல்லி, நெற்றிப் பொட்டின்மேல் பென்சிலின் மொட்டை முனையால் மூன்று தட்டுத் தட்டுவாள். டொக், டொக், டொக். பொட்டைத் தட்டினால் அலையில் ஊசி மாதிரி ஒரு முனை எழும்பும். மூன்று தட்டுக்கு மூன்று முனை. வீடியோவில் பென்சில் இறங்குகிற நொடியும் அலையில் முனை எழுகிற நொடியும் ஒன்றாக இருந்தால் இரண்டு மெஷினும் ஒரே நேரத்தைச் சொல்கின்றன என்று அர்த்தம். வித்தியாசம் இருந்தால், எத்தனை நொடி என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். அதுதான் தட்டு நோட்டு.

யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. அலையைக் காகிதத்தில் வரைந்த காலத்தில், நோயாளி இருமினால் "இருமல்", கண்ணை மூடினால் "கண்" என்று ஓரத்தில் அவளே எழுதிவிடுவாள். பிறகு கேமரா வந்தது. இனிமேல் எழுத வேண்டாம், கேமரா பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "ஒரு வீட்டுல ரெண்டு கடிகாரம் இருந்து ரெண்டும் ஒரே மணி காட்டினதா சரித்திரமே இல்ல" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த தட்டு. சின்ன டாக்டர்கள் அதைப் "பூஜை" என்று கிண்டல் செய்வார்கள். காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துவிடுவாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உண்மைதான். ஆனால் கண்டவர்களுக்கெல்லாம் அதைச் செலவழிக்க மாட்டாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே கோபத்தில்தான். அவளுக்கு ஒரு தம்பி. எட்டு வயதில், பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து நொடி எங்கேயோ போய்விடுவான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் "வேணும்னே முழிக்கிறான்" என்று கன்னத்தில் அறைந்தார். வீட்டிலும் பிடிவாதம் என்றுதான் நினைத்தார்கள். அடி நான்கு வருடம் நீடித்தது. அதற்கப்புறம்தான் யாரோ ஒரு டாக்டர் தலையில் ஒயரை மாட்டிப் பார்த்து, இது வலிப்பில் ஒரு வகை, பையனுக்கு அந்தப் பத்து நொடி உலகமே இல்லை என்று சொன்னார். அக்கா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தம்பி வாங்கிய அறைக்கெல்லாம் பதில் அதில் கோடு கோடாக இருந்தது. பள்ளிப் படிப்பு முடித்ததும் இந்தப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். தம்பி இப்போது பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறான், வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறான், அக்காவைக் கேலி செய்கிறான். ஆனால் "நடிக்கிறாங்க" என்ற சொல்லை அவள் எதிரில் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னவர் பாடு அன்றைக்குத் திண்டாட்டம்தான்.

அந்தக் கதவுக்குள் பதிவுக்கென்று இரண்டு அறை. இரண்டாம் அறையின் கேமரா கெட்டது ஒரு மழைக்காலத்தில். புதிதாக ஒன்றை மாட்டினார்கள். அதற்குத் தனியாக ஒரு கடிகாரம், அதுவும் சோம்பேறிக் கடிகாரம். முதல் வாரமே ஐந்து நொடி பின்தங்கியது. பிறகு பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏறி, ஐம்பதை ஒட்டி நின்றது. அக்கா மூன்று முறை கடிதம் எழுதிக் கொடுத்தாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல். சரி, தட்டு இருக்கிறது, நோட்டு இருக்கிறது, எவ்வளவு பின் என்று தெரிந்தால் போதும் என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டதற்காக அவள் தன்னைப் பிறகு நிறையத் திட்டிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் என்று எல்லோரும் சொல்கிற பேராசிரியர் ஒன்றும் மோசமான மனிதர் இல்லை. நரம்பு நோயும் மன நோயும் தோளோடு தோள் உரசுகிற இடம்தான் அவருடைய ஆராய்ச்சி. வலிப்பு மாதிரியே வந்து, ஆனால் மூளை அலையில் மாற்றமே இல்லாமல், மனசின் பாரத்தால் வருகிற ஒரு நோய் உண்டு. அந்த மாதிரி ஆட்களுக்கு வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பது வீண், பேசித்தான் குணப்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னார். அதில் தப்பே இல்லை. பழைய பதிவுகளில் முப்பது பேருடையதை எடுத்து, வலிப்பு வந்த நேரத்து வீடியோவையும் அதே நேரத்து அலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பதினொரு பேருக்கு உடம்பு என்னென்னவோ செய்யும்போது அலை சும்மா இருந்தது. இவர்கள் இத்தனை நாள் தப்பாக மருந்து சாப்பிட்டவர்கள் என்று கட்டுரை எழுதினார். உலகமெல்லாம் படிக்கிற இதழில் அது வந்தது. அதன் முதல் பக்கங்களைப் பெரிதாக அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார்கள். ஆஸ்பத்திரியே கேக் வெட்டியது. அக்காவும் ஒரு துண்டு சாப்பிட்டாள், நன்றாக இருந்தது என்றும் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் இஸ்திரிக்காரி வந்தாள்.

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி மெஷினில் நிற்கிறவள். முப்பது வயதுக்குள். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டாம் அறையில் நான்கு நாள் ஒயரோடு படுத்துக் கிடந்தபோது அக்காவுக்குச் சிநேகமானவள். இப்போது கீழே டாக்டரைப் பார்க்க வந்தவள், மாடி ஏறி அக்காவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். கூடவே அண்ணியும். இஸ்திரிக்காரியின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"மெஷின் மூடி பட்டுடுச்சுக்கா. வந்துச்சு, எனக்குத் தெரியல. கை உள்ள இருக்கறப்பவே மூடியை அழுத்திட்டேன் போல."

"மாத்திரை போடறியா இல்லையா?"

"குறைச்சுட்டாங்கக்கா. இப்ப ராத்திரிக்கு மட்டும் அரை மாத்திரை. இன்னும் பத்தொன்பது நாள்ல அதுவும் கிடையாது. எனக்கு வலிப்பே இல்லையாம்."

அண்ணி குறுக்கே வந்தாள். "டாக்டரே சொல்லிட்டாருங்க, எல்லாம் மனசுலதான்னு. மனசுலன்னா என்ன அர்த்தம்? வேலைக்குப் போகச் சோம்பல். நானும் ஆறு வருஷமா பாக்கறேன், இப்படி நடிக்கறவள…"

அக்கா அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணி வாக்கியத்தை முடிக்கவில்லை.

அக்காவுக்கு அந்த நான்கு நாளும் மறக்கவில்லை. இஸ்திரிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளே அக்காதான். வலிப்பு வந்த ஒவ்வொரு முறையும் முப்பது நொடி. கண் ஒரே இடத்தில் நிலைக்கும், வாய் வெறுமனே மெல்லும், வலது கை சட்டைப் பொத்தானைப் பிய்க்கும். அந்த நேரத்தில் திரையில் இடது பக்கத்து அலைகள் கிடுகிடுவென்று எழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். இதில் மனசு எங்கே வந்தது? இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு நேரே லிஃப்ட் பக்கத்துக்கு நடந்தாள். கேக் சாப்பிட்ட அன்றைக்குக்கூட அவள் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை, யார்தான் படித்தார்கள்? இப்போது படித்தாள். மூன்றாவது படத்தில் ஒரு பெண், முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் வாயும் கையும் தெரிந்தன. வாய் மெல்லுகிறது, கை பொத்தானைப் பிய்க்கிறது, நெற்றியில் சிவப்பாக ஒரு குறி. குறி போட்டது யார் என்று அவளுக்கா தெரியாது? அதற்கு நேர் மேலே இருந்த அலை குளத்துத் தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடந்தது.

தலையில் பொட்டு வைத்துக்கொண்டு யார் வெறும் வாயை மென்றாலும், வலிப்பு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், தாடைச் சதையின் ஆட்டமே அலையைக் குதறி எடுத்துவிடும். ஒரு பிஸ்கட் கடித்தால் போதும். மெல்லுகிற வாய்க்கு மேல் இப்படி ஓர் அலை இருக்கவே முடியாது. அது வேறு நேரத்து அலை.

மேலே வந்து நோட்டைப் புரட்டினாள். இஸ்திரிக்காரியின் நான்கு நாளும் இருந்தன. "அறை இரண்டு. கேமரா நாற்பத்தெட்டு நொடி பின்."

வீடியோவையும் அலையையும் பொருத்தியது கண்ணாடி டாக்டர். பெரிய டாக்டரிடம் ஆராய்ச்சி செய்கிற சின்னப் பெண், முகத்தில் பாதியைக் கண்ணாடியே எடுத்துக்கொள்ளும். நல்ல பெண், உழைப்பாளி. அக்கா போய் நின்றதும் எழுந்து நாற்காலி கொடுத்தாள்.

"டாக்டர், இந்த முப்பது பேரோட வீடியோவுக்கும் ஆரம்பத்துல நான் தட்டுறது இருக்குமே, அது எங்க?"

"அதுவாக்கா? அதையெல்லாம் வெட்டிட்டேன். ஃபைல் ரொம்பப் பெருசா இருந்துச்சு. வலிப்பு வர்ற இடம் மட்டும்தானே வேணும்."

"வெட்டுனதுக்கு முன்னாடி இருந்தது?"

"அது மேலயே சேமிச்சுட்டேனேக்கா. இடம் இல்லாம. அலையிலயும் தாடை அசையற இரைச்சலை எல்லாம் வடிகட்டித்தான் வெச்சோம், பாக்க சுத்தமா இருக்கும்னு."

"ரெண்டையும் எதை வெச்சு ஒட்டுனீங்க?"

"மூலையில மணி ஓடுமே, அதை வெச்சுதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன்க்கா? அந்தத் தட்டு… உங்க பழக்கம்னு நெனச்சேன். எல்லாருக்கும் ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும்ல, அந்த மாதிரி."

அக்கா நோட்டை விரித்து வைத்தாள். கண்ணாடி டாக்டர் படித்தாள். நாற்பத்தெட்டு நொடி பின். வலிப்பு முப்பது நொடி. கணக்கில் அவள் கெட்டிக்காரி, சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீடியோவில் வலிப்பு ஓடுகிறபோது அவர்கள் பார்த்தது வலிப்பு வருவதற்கு முந்தின அலை. வலிப்பின் அலை எழும்பும்போது வீடியோவில் எல்லாம் முடிந்து ஆள் சும்மா கிடப்பாள். அந்தப் பகுதியையும் வெட்டியாயிற்று. பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"பெரிய டாக்டர்கிட்ட இதை யாருக்கா சொல்றது?"

"பூனைக்கு யாரு மணி கட்டறதுன்னு நீங்க யோசிக்க வேணாம். நான் கட்டறேன்."

பெரிய டாக்டரின் அறையில் அவள் ஐந்து நிமிடம் பேசினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, பேனாவை மூடினார்.

"ஏம்மா, உங்க கைநோட்டை நம்பி, மூணு நிபுணருங்க படிச்சுப் பாத்து ஏத்துக்கிட்ட கட்டுரைய நான் மாத்தணுமா?"

"கட்டுரை அப்புறம் சார். முதல்ல அந்தப் பொண்ணுக்கு மாத்திரை."

"அவங்களுக்கு நல்லதுதான் பண்றோம். வேண்டாத மருந்தை நிறுத்தறோம். இங்க பாருங்க, பதிவு பண்றது உங்க வேலை. படிக்கிறது எங்க வேலை."

"நான் பதிவு பண்ணதைத்தான் சார் நீங்க படிக்கவே இல்ல."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மறுநாள் காலையில் மெமோ வந்தது. நோயாளியிடம் சிகிச்சை பற்றி அதிகாரமின்றிப் பேசியதற்கும், மூத்த மருத்துவரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்கும் ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம், தவறினால் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுவாளாம். இருபத்தாறு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் மெமோ. அதை இரண்டு தரம் படித்தாள். பயம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வேலை போனால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து, மெமோவின் கீழேயே விளக்கத்தை எழுதினாள்: "கேமரா நாற்பத்தெட்டு நொடி பின்." கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்குச் சாயங்காலம் காய் நறுக்குகிற சத்தத்திலேயே அவருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"யாரை நறுக்கற?" என்றார்.

சொன்னாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

"எங்க வேலையில, லிஃப்ட்டு தரைக்குச் சமமா நிக்கல சார்னு சொன்னா எந்த மேனேஜரும் நம்ப மாட்டான். வாதாடறதெல்லாம் நான் எப்பவோ விட்டாச்சு. சார், நீங்களே ஒரு தடவ ஏறி இறங்குங்கம்பேன். கால் தடுக்கும் பாரு, அப்ப நம்புவான்."

"இவர் எங்கங்க லிஃப்ட்ல ஏறப் போறாரு?"

"லிஃப்ட்ல வேணாம். உன் நாற்காலியில ஏத்து."

அக்கா நறுக்குவதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனுஷன் சொன்ன உருப்படியான யோசனைகளில் அது இரண்டாவது. முதலாவது என்ன என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை.

வாரம் ஒருமுறை நரம்பியல் பிரிவில் எல்லா டாக்டர்களும் கூடுவார்கள். வியாழக்கிழமை பத்து மணி. நடுவில் இன்னொரு வாரம் ஓடிப்போயிருந்தது. இஸ்திரிக்காரிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இருபது பேர் உட்கார்ந்திருந்த அறைக்குள், யாரும் கூப்பிடாமல், கழுத்தில் டேப்போடு அக்கா நுழைந்தாள். கண்ணாடி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், ஒரு கால் மணி நேரம் என் நாற்காலியில உக்காரணும்."

"எதுக்கு?"

"உங்க தலையில பொட்டு வெச்சுப் பாக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரித்தவர் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொல்றது தப்புன்னா, மெமோவுக்குப் பதிலா வேலையை விட்டு நீக்கற கடுதாசியையே கொடுத்துடுங்க. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், ஒரு வார்த்தை பேசாம போயிடறேன். சரின்னா ஏழெட்டுப் பேருக்கு மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கணும். அவ்வளவுதான் சார். நாற்காலிதானே, கடிச்சிடாது."

பெரிய டாக்டருக்குத் தலைக்கனம் உண்டு, ஆனால் கோழைத்தனம் கிடையாது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்குகிற ஆளும் இல்லை. எழுந்தார். ஊர்வலம் மாதிரி எல்லோரும் இரண்டாம் அறைக்கு நடந்தார்கள். உள்ளே போக இடமில்லாதவர்கள் வாசலில் நின்றார்கள்.

அக்கா டேப்பை எடுத்து அவர் மண்டையை அளந்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"எண்ணெய் வெச்சிருக்கீங்களா சார்?"

"கொஞ்சம்."

அக்கா கதவில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அவர் தலையைத் தேய்த்த தேய்ப்பில் கொஞ்சம் சொந்தக் கணக்கும் இருந்தது என்று வாசலில் நின்றவர்கள் பின்னால் சொன்னார்கள். ஆறு பொட்டு மட்டும் வைத்தாள். கேமரா பக்கம் திருப்பினாள். "மணி பதினொண்ணு நாலு" என்று சொல்லி, பெரிய டாக்டரின் நெற்றியில் மூன்று தட்டுத் தட்டினாள்.

"ஒரு நிமிஷம் சும்மா இருங்க சார். அப்புறம் நான் சொன்னதும் இருபது நொடி வெறும் வாயை மெல்லுங்க. நிறுத்துன்னதும் திரும்ப ஒன்றரை நிமிஷம் சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். மென்றார். சும்மா இருந்தார்.

"டாக்டர்" என்று கண்ணாடி டாக்டரைக் கூப்பிட்டாள். "கட்டுரைக்கு எப்படி ஒட்டுனீங்களோ அதே மாதிரி மணியை வெச்சு ஒட்டுங்க. ஒரே ஒரு மாத்தம், எதையும் வடிகட்டாதீங்க, எதையும் வெட்டாதீங்க."

பெரிய திரையில் ஓடியது. கீழே பெரிய டாக்டர் தாடையை ஆட்டி ஆட்டி மெல்லுகிறார். மேலே அலை அசையாமல் கிடக்கிறது. மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அவர் உதடுகூட அசையாமல் இருக்கும்போது, மேலே அலை கன்னாபின்னாவென்று கொதித்து எழுகிறது. சரியாக இருபது நொடி. பிறகு அடங்குகிறது.

"சார், உங்க கட்டுரைப்படி நீங்க இப்ப மெல்லவே இல்ல. நடிச்சீங்க" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் "மறுபடி போடு" என்றார். மறுபடி போட்டார்கள். மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு ஒயர் தொங்குகிற தலையோடு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அந்தத் தட்டைக் காட்டு" என்றார். வீடியோவில் பென்சில் இறங்குகிற இடத்துக்கும் அலையில் மூன்று முனை எழுகிற இடத்துக்கும் ஐம்பத்திரண்டு நொடி வித்தியாசம் இருந்தது.

"அன்னிக்கு எவ்வளவு?"

"எந்த அன்னிக்குன்னு சொல்லுங்க சார். நோட்டுல எல்லா நாளும் இருக்கு."

அவர் கையை நீட்டினார். அக்கா நோட்டைக் கொடுத்தாள். அவர் அதை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார், பசை காய்ந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பழைய பதிவுகளை எடுத்து, வடிகட்டாத அலையை நோட்டில் இருந்த நொடிகளுக்கு நகர்த்திப் பார்த்தார்கள். மெல்லுகிற வாயும் தாடை இரைச்சலும் சாவியும் பூட்டும் மாதிரி பொருந்தின. அதற்கடியில் வலிப்பின் அலை தெளிவாக இருந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் இரண்டாம் அறைக்காரர்கள். ஏழு பேருக்கும் வலிப்புதான். மீதி நான்கு பேர் முதல் அறை. அங்கே கேமரா ஒழுங்கு, அவர்களுக்கு மனசின் பாரம்தான். "அந்த நாலு பேரும் நடிக்கல சார். மனசால வந்தாலும் வந்ததுதான். அதையும் எழுதுங்க" என்றாள் அக்கா. அதற்கு அவர் சண்டை போடவில்லை.

மதியம் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் ஏழு பேருக்கும் பெரிய டாக்டரே போன் செய்தார். ஆறாவது ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார், அவரைப் பிடிக்க இரண்டு நாளாயிற்று. இஸ்திரிக்காரியிடம் பேசும்போது அக்கா பக்கத்திலேயே நின்றாள். "தப்பு எங்க மேலம்மா. இன்னிக்கே பழைய அளவு மாத்திரை போடுங்க" என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் தன் அறைக்குப் போனாள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். தம்பிக்குப் போன் செய்தாள். "யாரை அடிச்சே?" என்று அவன் கேட்டான். அதன் பிறகு அழுகை நின்றுவிட்டது.

திருத்தம் எழுதுவதில் இன்னொரு சண்டை வந்தது. முதலில் எழுதிய வாசகத்தில் "தொழில்நுட்பக் காரணங்களால் சிறிய நேர வேறுபாடு" என்று இருந்தது. கண்ணாடி டாக்டர் ரகசியமாகக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே போனாள். "கை வெந்தது சின்ன வேறுபாடா சார்?" என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெற்று, பதினொரு பேர் நான்கு பேரானதையும், ஏன் ஆனது என்பதையும் ஒளிக்காமல் எழுதி, புதிதாக அனுப்பினார். அந்த வருடம் அவருக்கு வருவதாக இருந்த விருது வரவில்லை. மூன்று வாரம் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் உங்கள் பெயரை நன்றி சொல்கிற இடத்தில் போடட்டுமா என்று ஆள் மூலம் கேட்டனுப்பினார். "நன்றி வேணாம். பதிவு எப்படிப் பண்ணணும்னு எழுதற இடத்துல தட்டைப் போடச் சொல்லுங்க" என்று பதில் போயிற்று. போட்டார்கள். மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. அது அவளுடைய கோப்பில் சிவப்பு எழுத்தோடு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி அவளுக்குத் துளிகூட வருத்தம் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து இஸ்திரிக்காரி மறுபதிவுக்கு வந்தாள். கைக்கட்டு அவிழ்ந்து, புண் ஆறி, தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அண்ணியும் வந்திருந்தாள். போன முறை போல அல்லாமல் ஓரமாக நின்றாள். அக்கா அளந்து, குறி போட்டு, இருபத்தோரு பொட்டும் வைத்தாள். பென்சிலைத் திருப்பிப் பிடித்தாள்.

"இதெதுக்குங்க, தலையில தட்டறது?" என்று அண்ணி கேட்டாள்.

அக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இஸ்திரிக்காரி கையை நீட்டினாள். "அக்கா, குடுங்க. நானே தட்டறேன்."

பென்சிலை வாங்கிக்கொண்டாள். மெஷினில் ஓடுகிற மணியை எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"மணி பத்து இருபத்தாறு" என்றாள். வெந்து ஆறிய கையால் தன் நெற்றியில் தானே மூன்று தட்டுத் தட்டினாள். "இது நான்தான். நான் நடிக்கல."

அலையில் மூன்று முனைகள் எழுந்தன. அந்தப் பதிவின் தொடக்கத்தை யாரும் வெட்டவில்லை.